பூஜையில் வைத்த பென்டிரைவ்

என்ன வேலை பார்க்கிறாய் என்று எங்கள் முதலமடைப் பக்கம் யாராவது கேட்டால், ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன் என்று சொல்லி முடித்துவிடுவேன். அதற்கு மேல் விளக்கினால் கேட்டவர் மாங்காய் விலைக்குத் தாவிவிடுவார். உண்மையில் நான் பார்ப்பது பென்டிரைவ்களை. பாலக்காட்டில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரியின் நர்ஸுகள் இடுக்கி எஸ்டேட்டுகளுக்குப் போய் முகாம் நடத்துகிறார்கள். அங்கே தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் பல லயங்களில் போனுக்கு ரேஞ்ச் கிடையாது. பரிசோதித்த விவரத்தையும் படங்களையும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு, டவுனுக்கு இறங்கி வந்து எங்களுக்கு அனுப்புவார்கள்.

கடையில் வாங்கும் பென்டிரைவ் இல்லை அது. கட்டைவிரல் நீளத்தில் இரும்பு உடம்பு. உள்ளே எதை வைத்தாலும் யாருக்கும் புரியாதபடி குழப்பி வைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் சொருகினால் கடவுச்சொல் கேட்கும். இன்டர்நெட் இருந்தால், அதற்கும் முன்னால் எங்கள் சர்வரிடம் "என்னைத் திறக்கலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளும். திற, பூட்டு, அழி என்று மூன்றில் ஒன்றை நான் வீட்டில் உட்கார்ந்தே சொல்லிவிடலாம். அழி என்று சொல்லி வைத்தால், அடுத்த முறை இன்டர்நெட்டைப் பார்த்த நொடியில் தன் சாவியைத் தானே விழுங்கிவிடும். அப்புறம் உள்ளே இருப்பது வெறும் குப்பை. அதை நானே நினைத்தாலும் மீட்க முடியாது.

இந்த விஷயத்தில் நான் கறார். கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதி பென்டிரைவிலேயே ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவைத்த ஒரு டாக்டரை, டாக்டர் என்றும் பார்க்காமல் போனில் வாங்கு வாங்கென்று வாங்கியிருக்கிறேன். முகாமில் காகிதத்தில் எதையும் எழுதக் கூடாது என்பதும் என் ஏற்பாடுதான். தொலைந்தால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் உடனே அழிக்க வேண்டும். திருடனுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதுதான் என் எண்ணமெல்லாம்.

சித்திரபுரத்துக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் முகாம் நடத்திய நர்ஸ் அந்தப் பக்கத்துப் பெண்தான். அவள் அம்மா தேயிலைக் கொழுந்து கிள்ளியவர். வீட்டுக்காரர் டூரிஸ்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். பெண்களுக்கான புற்றுநோய்ப் பரிசோதனை அது. மார்பைக் காட்ட வேண்டும், கர்ப்பப்பை வாயைப் படம் எடுக்க வேண்டும். லயத்தில் சுவருக்கு இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறாயுசு என்பார்கள். அங்கே எந்தப் பெண் சுலபத்தில் வருவாள்? ஒருத்திக்கு நோய் என்று தெரிந்தால் மகளுக்கு வரன் வராது என்ற பயம் வேறு. இவள் வாரக்கணக்கில் வீடு வீடாக ஏறி இறங்கி, "யாருக்கும் தெரியாது, எம்மேல சத்தியம்" என்று சொல்லித்தான் அழைத்துவந்தாள். பாதிப் பேர் வந்தார்கள்.

முகாம் முடிந்த மறுநாள் ஆயுத பூஜை. காலையில் நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது. விவரங்களை அனுப்புவதற்காக டவுனுக்கு வந்திருந்தாள்.

"அக்கா, டிரைவைக் காணல. பையைக் கவுத்துப் பாத்துட்டேன். நேத்து பஸ்ஸுல ஒரே நெருக்கம். அதுலதான் எங்கனயோ விழுந்திருக்கும்."

"வீட்டுல தேடினியா?"

"பைக்குள்ளதானக்கா வச்சேன். வீட்டுல எப்படி இருக்கும்? அவுகளுக்குப் போன் போட்டா எடுக்கல. ஜீப் ஸ்டாண்டுல பாட்டுப் போட்டிருப்பாக."

"அனுப்புறதுக்கு முன்னாடி அழிச்சா எல்லாம் போயிரும். வேற பிரதி இல்ல. தெரியுமில்ல?"

அவள் மூக்கை உறிஞ்சினாள். 

"அழிச்சிருங்கக்கா. போனாப் போவுது. திரும்ப நான் கெஞ்சிக்கிடுதேன். யார் கையிலயும் மாட்டிரக் கூடாது. நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

லேப்டாப்பைத் திறந்து அழிக்கும் உத்தரவைப் போட்டேன். 'காத்திருக்கிறது' என்று திரையில் வந்தது. எனக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. பாவமாகத்தான் இருந்தது.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் பூஜை. டிராக்டர், மாமரத்துக்கு மருந்தடிக்கும் மோட்டார், அரிவாள், கத்தரிக்கோல் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். அத்தை, அதாவது என் மாமியார், என் லேப்டாப்பையும் விடவில்லை. மூடியின் நடுவில் மூன்று விரலால் சந்தனப் பட்டை இழுத்து, வாழையிலையில் பொரிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். வருஷா வருஷம் நடப்பதுதான். எனக்கும் அதில் ஒரு சந்தோஷம் உண்டு.

தீபாராதனை முடிந்து பொரியை வாயில் போட்டபோது மறுபடி அவள் போன். மலைப்பாதையில் ரேஞ்ச் கிடைக்கும் வளைவுக்கு ஏறி வந்து பேசினாள். மூச்சு வாங்கியது, ஆனால் குரலில் சிரிப்பு.

"அக்கா, கெடச்சிருச்சு! அவுகதான் எடுத்திருக்காக. ஸ்டாண்டுல நேத்து சாயந்தரமே பூஜைக்கு வச்சிட்டாகளாம். ஸ்பானர், ஜாக்கி எல்லாத்தையும் வச்சப்ப, 'நமக்குச் சோறு போடுறது உன் வேலையுந்தான'ன்னு என் டிரைவையும் பையிலருந்து எடுத்துத் தட்டுல வச்சிட்டாகளாம். சொல்லணும்னு தோணல பாருங்க, அந்த மனுசனுக்கு."

எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே உத்தரவு ஞாபகம் வந்தது. "அதை எதுலயும் சொருகிடாத. அழிக்கிற உத்தரவு காத்துக்கிட்டிருக்கு. நான் அதை எடுத்துட்டுச் சொல்றேன், அப்புறம் சொருகு."

"நாளைக்குக் காலையில வரைக்கும் அதை யாரும் தொட மாட்டாகக்கா. பூஜையிலல்ல இருக்கு."

நான் அத்தையிடம் போனேன். "ஏனுங்க அத்தை, லேப்டாப்பை ஒரு நிமிசம் எடுத்துக்கட்டுங்களா? ஆஸ்பத்திரி வேலைங்க."

"பூசைக்கு வச்சதைக் காத்தால கற்பூரங் காட்டித்தான் எடுக்கோணும் கண்ணு. வருசம் பூரா அதைத் தட்டிக்கிட்டேதான இருக்கறே. ஒரு ராத்திரி அதும் ஓயட்டுமே."

பிடிவாதம் பிடித்திருந்தால் எடுத்துக் கொடுத்திருப்பார். ஆனால் எனக்கே அது தேவையில்லை என்று பட்டது. அதுவும் பூஜையில், இதுவும் பூஜையில். அங்கே யாரும் தொடப் போவதில்லை, இங்கே நான் காலையில் எடுத்ததும் உத்தரவை ரத்து செய்துவிடலாம். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

பூஜையில் வைத்ததை எடுத்தவுடன் அதைக் கொண்டு நல்லபடியாக ஒரு வேலை தொடங்க வேண்டும் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. என் கொழுந்தனார் விடிந்ததும் டிராக்டரைத் தோப்பு வரைக்கும் ஒரு நடை ஓட்டிவிட்டு வருவார். அங்கே ஜீப் ஸ்டாண்டிலும் அதே முறைதான். பொழுது புலர்வதற்குள் கற்பூரம் காட்டி, ஆளுக்கொரு ரவுண்டு ஜீப் ஓட்டியிருக்கிறார்கள். நர்ஸ் குளித்துக்கொண்டிருந்த நேரம். சொருகக் கூடாது என்பதை அவள் தன் வீட்டுக்காரரிடம் சொல்லிவைக்கவில்லை. அவருக்கோ மனசு உறுத்தியிருக்கிறது. தன்னால்தானே அவள் முந்தின நாள் பூராவும் அழுதாள் என்று, அவள் ஆயுதத்தையும் தானே நல்ல நேரத்தில் தொடங்கிவைத்துவிடலாம் என நினைத்து, ஸ்டாண்டில் இன்டர்நெட்டில் டிக்கெட் போடும் கம்ப்யூட்டரில் பென்டிரைவைச் சொருகிக் கும்பிட்டிருக்கிறார். கடவுச்சொல் அவருக்குத் தெரியாது. அதற்குத் தேவையும் இருக்கவில்லை.

எங்கள் வீட்டில் கற்பூரம் அணைந்து நான் லேப்டாப்பைத் திறந்தபோது 'அழிக்கப்பட்டது' என்று இருந்தது. விரலில் ஒட்டிய சந்தனத்தைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்த வார்த்தையையே பார்த்தேன். அத்தை பக்கத்தில் வந்து, "ஏங்கண்ணு, முகம் வாடிப்போச்சு?" என்றார்.  ஒன்றுமில்லை என்றேன்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. லயத்தில் பேச்சு வேறு மாதிரி கிளம்பிவிட்டது. பென்டிரைவ் ஜீப் ஸ்டாண்டில் இருந்ததாம், டிரைவர்மார் எல்லாரும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்களாம். முகாமுக்கு வந்த பெண்கள் நர்ஸைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள். ஒருத்தியின் புருஷன் ஸ்டாண்டுக்கே போய் நர்ஸின் வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்திருக்கிறான். "நான் சொன்னா இனி எடுபடாதுக்கா. அழிச்சது நீங்கதான. நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள் நர்ஸ். இனி அந்த லயத்தில் ஒரு பெண்ணாவது பரிசோதனைக்கு வருவாளா என்பது என் பேச்சில் தொங்கியது. நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழக்கமே இல்லாதவள் நான்.

உடுமலையில் பஸ் ஏறி மறையூர் வழியாகப் போனேன். வேலை முடிந்த நேரம் பார்த்து நர்ஸ் எஸ்டேட் பால்வாடியில் பெண்களைக் கூட்டியிருந்தாள். யாராவது சம்மதித்தால் அங்கேயே பரிசோதிக்க, ஒரு மூலையில் மறைப்புத் துணியும் கட்டியிருந்தாள். கொழுந்துக்கூடையை இறக்கிவைத்து, தலையில் கட்டிய துண்டோடு நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. நான் லேப்டாப்பைக் காட்டி, எத்தனை மணிக்குச் சொருகினார்கள், எந்த நொடியில் அழிந்தது என்பதைப் படித்துக் காட்டினேன். கடவுச்சொல் கேட்பதற்கு முன்பே அழிந்துவிட்டது, கடவுளே வந்திருந்தாலும் பார்த்திருக்க முடியாது என்றேன். நன்றாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன். யாருடைய முகமும் இளகவில்லை.

கதவோரம் நின்ற ஒரு பெண் கேட்டார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். முதல் முகாமுக்கு வராதவர் என்று நர்ஸ் பிறகு சொன்னாள்.

"பாலக்காட்டுல இருந்துக்கிட்டே அழிக்க முடியும்னா, அங்க இருந்துக்கிட்டே பாக்கவும் முடியுமா?"

எத்தனையோ பேருக்கு இந்தப் பென்டிரைவைப் பற்றிப் போனில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். யாரும் இதைக் கேட்டதில்லை. முடியாது என்று சொல்லிவிட நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நர்ஸ் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இவர்கள் கண்ணில் அவள் கொடுத்த வாக்கு ஒருமுறை உடைந்தது போதும் என்று தோன்றியது.

"இதுக்குள்ள இருக்கறப்ப என்னால பாக்க முடியாதுங்க. ஆஸ்பத்திரிக்கு வந்து சேந்ததுக்கு அப்புறம் டாக்டருங்க பாப்பாங்க. கம்ப்யூட்டர் என் பொறுப்புங்கிறதால, நினைச்சா நானும் பாக்கலாம். பாக்கக் கூடாதுன்னு சட்டம். ஆனா முடியுமான்னு கேட்டீங்கன்னா, முடியுமுங்க."

சலசலப்பு எழுந்தது. காரியம் கெட்டது என்று நினைத்தேன். அந்தப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு எந்த ஊரு?"

"முதலமடைப் பக்கமுங்க."

"இந்த லயத்துல சொந்தக்காரவுக யாரும் உண்டா?"

"இல்லீங்க."

"தெரிஞ்சவுக? பொண்ணு குடுத்த எடம், எடுத்த எடம்?"

"யாருமே இல்லீங்க."

"அப்பச் சரி" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மறைப்புத் துணிக்குப் பின்னால் போனார்.

இத்தனை வருஷம் நான் பூட்டு போட்டதெல்லாம் ஊர் பேர் தெரியாத திருடனுக்கு. இவர்களுக்கு அவன் ஒரு பொருட்டே இல்லை. அடுத்த வீட்டுக்காரிக்குத் தெரியக் கூடாது, சம்பந்தி காதுக்கு எட்டக் கூடாது, அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது, கொஞ்சம் சிரிப்பாகவும் இருந்தது. மற்ற பெண்கள் துண்டை அவிழ்த்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தரையில் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பெண்ணைப் பரிசோதிக்க உள்ளே போன நர்ஸ் வெளியே வர நேரமாயிற்று. வந்தவள் என்னிடம் புது பென்டிரைவை வாங்கி, படங்களை ஏற்றினாள்.  அந்தப் பெண் ஜாக்கெட் கொக்கியை மாட்டியபடி வந்து, "என்ன, எதுவும் இருக்கா?" என்று சாதாரணமாகக் கேட்டார். "பெரிய டாக்டர் ஒரு வாட்டி பாக்கட்டும் சித்தி" என்றாள் நர்ஸ். என்னிடம் மட்டும் தாழ்ந்த குரலில், "இதை இன்னைக்கே அனுப்பணும்க்கா" என்றாள்.

மற்றவர்களைப் பார்த்து முடித்ததும் அவள் வீட்டுக்காரரின் ஜீப்பில் ரேஞ்ச் கிடைக்கும் வளைவுக்கு வந்தோம்.  என் லேப்டாப்பை மடியில் வைத்து, பென்டிரைவைச் சொருகி, அவள் கடவுச்சொல்லைப் போடும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோப்புகள் மெல்ல மெல்ல ஏறின. திரையில் ஆஸ்பத்திரிப் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் முதல் வரியாக வந்து நின்றது. என்ன கண்டுபிடித்தாள், எவ்வளவு பெரியது, பிழைப்பாரா, எல்லாம் அந்த வரிக்குப் பின்னால் இருந்தது. தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.

"போயிருச்சாக்கா?" என்றாள்.

"போயிருச்சு" என்று சொல்லி லேப்டாப்பை மூடினேன். அந்த வரியை இன்றுவரை நான் திறக்கவில்லை.