ஜூனிப்பர் மிரளாத தோட்டா

தோட்டா செய்ய உட்காரும்போது ஆர்விட் ஹௌகென் முதலில் ரேடியோவை அணைப்பார். கவனம் சிதறக்கூடாது. மனைவி மார்னா இறந்த பிறகு, இந்த நான்கு வருடங்களில், அந்த வீட்டில் அணைப்பதற்கு இருந்த சத்தம் அது ஒன்றுதான்.

அவருடைய ரைஃபிள் சிறியது, இருபத்திரண்டு காலிபர். கடைத் தோட்டா போட்டால் சாட்டை சொடுக்கியதுபோல் மேய்ச்சல் நிலம் முழுக்கக் கேட்கும். குண்டு ஒலியை முந்திப் போகும்போது எழும் சத்தம் அது. ஜூடித் ஆற்றோரப் பண்ணைகளில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மார்னா விட்டுப்போன குதிரை ஜூனிப்பருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. போன வசந்தத்தில் ஒரே ஒரு வெடிக்கு மிரண்டு, முள்கம்பியில் பாய்ந்து மார்பைக் கிழித்துக்கொண்டது. மேய்ச்சல் நிலத்தில் வளை தோண்டும் தரை அணில்களைச் சுடாமலும் இருக்க முடியாது. அவை தோண்டிய குழியில் குளம்பு இறங்கினால் கால் முறியும். அதற்குப் பிறகு குதிரையைச் சுட வேண்டியதுதான்.

சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் லைல் பெக் விஷம் வைக்கச் சொன்னார். செத்த அணிலைத் தின்னும் பருந்தும் சாகும் என்று ஆர்விட் மறுத்துவிட்டார்.

ஒரு குளிர்காலம் முழுக்க அவர் ஒலியைவிட மெதுவாகப் போகும் தோட்டா செய்யப் பழகினார். வெடிமருந்து கொஞ்சம் கூடினால் சாட்டைச் சத்தம் திரும்பிவிடும். குறைந்தால் குண்டு துப்பாக்கிக் குழாய்க்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும். தோட்டாக் கூட்டில் பாதிக்கு மேல் காலியாக இருப்பதால் மருந்து உள்ளே உருளும்; முன்பக்கம் போய்விட்டால் சரியாகப் பற்றாது. ஆகவே ஒவ்வொரு முறையும் துப்பாக்கியை வானத்துக்கு நிமிர்த்தி, மருந்தைப் பின்பக்கம் இறக்கி, பிறகு மெல்லத் தாழ்த்திச் சுட வேண்டும்.

லைலுக்கு அது வேடிக்கை. "ஒவ்வொரு தடவையும் வானத்தக் கும்பிட்டுட்டுத்தான் சுடுவியாய்யா? அதுக்குள்ள அணிலு பேரப்பிள்ளையே எடுத்துடும்."

"எடுக்கட்டும். குதிரை மிரளாம நிக்குதுல்ல."

ஏப்ரலில் ஒரு காலை. பதினோரு தோட்டாக்கள் சரியாகப் போயின. பன்னிரண்டாவதற்குத் துப்பாக்கியை நிமிர்த்தித் தாழ்த்தியிருந்தார். அப்போது ஜூனிப்பர் பின்னால் வந்து அவர் தோளில் மூக்கை வைத்தது. அதைத் தட்டிக்கொடுக்கக் குழாயைத் தரைப்பக்கம் சாய்த்தார். மறுபடி நிமிர்த்தாமல் குறிபார்த்துச் சுட்டார்.

சத்தம் வழக்கத்தைவிட மெலிதாக வந்தது. அணில் அப்படியே நின்றது. கை பழக்கத்தில் அடுத்த தோட்டாவைப் பாதி தள்ளிவிட்டது. முந்தைய குண்டு எங்கே விழுந்ததென்று தான் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியின் பின்பக்கப் போல்ட்டைக் கழற்றிக் குழாய்க்குள் பார்த்தார். மறுமுனையில் வெளிச்சம் இல்லை.

ஜூனிப்பரின் மூச்சு இன்னும் அவர் காதோரத்தில் இருந்தது.

வீட்டில் பித்தளைக் கம்பியால் தட்டித் தட்டி அந்த ஈயக் குண்டை வெளியே எடுத்தார். குழாய் வெடித்திருந்தால் வாரம் ஒருமுறை வரும் லைல் சனிக்கிழமைதான் வந்து பார்த்திருப்பார். அன்று செவ்வாய். அதுவரை குதிரைக்குத் தண்ணீர் வைக்க ஆள் இல்லை. லைலுக்குப் போன் செய்தார்.

"தெனம் காலைல ஒரு தடவ இந்தப் பக்கம் பாரு, லைல். எனக்காக இல்ல. குதிரைக்கு."

லைல் கேலி எதுவும் செய்யவில்லை. "எத்தன மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

"ஏழு."

மறுநாள் ஏழு மணிக்கு லைலின் வண்டி வாசல் கேட் அருகே நின்றது. ஜன்னலில் ஒரு கை உயர்ந்தது. வண்டி போய்விட்டது. ஆர்விட் ஜூனிப்பரை லாயத்தில் அடைத்துவிட்டு வந்து துப்பாக்கியை வானத்துக்கு நிமிர்த்தினார். இனி குதிரை வெளியே இருக்கும்போது சுடுவதில்லை என்று தீர்மானித்திருந்தார். தோளுக்குப் பின்னால் காற்று மட்டும் இருந்தது.