பத்தாவது இடம்

“பிறர் புகழ் கேட்டுப் பூரிக்கும் பெருந்தகையே! அழுக்காறு அறியா அன்பாளரே!” என்று விளிக்கிறது, 1966இல் தெய்வசிகாமணி ஓய்வு பெற்றபோது கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்த வாழ்த்து மடல். முந்தைய ஆண்டு கூட்ஸ் குமாஸ்தாவுக்கும் இதையேதான் படித்தார்கள். பெயரும் தேதியும் மட்டும் வேறு.

விழுப்புரம் ஜங்ஷன் பார்சல் ஆபீசில் அவர் இருபத்தாறு ஆண்டுகள் மூட்டைகளை எடை போட்டார். ரயில் இல்லாத நேரத்தில் கித்தார் கலைஞர்களை எடை போட்டார். கூடைகளின் வரவை எழுதும் கரும்பலகையின் அடியில், ‘நாட்டின் சிறந்த பத்து கித்தார்கள்’ என்று அவர் கையால் ஒரு பட்டியல் இருந்தது. அதில் ஆள் பெயர் ஒன்றும் கிடையாது. இசைத்தட்டில் பாடகர் பெயரைப் போடுவார்கள்; கித்தார்காரரை யார் போட்டார்கள்? ஆகவே ஊர்தான் பெயர். ஒன்று பம்பாய், இரண்டு கல்கத்தா, மூன்று கோவா. வாசிப்பது எந்த ஊர் ஆள் என்பதையும் அவரே காதால் கேட்டு முடிவு செய்வார். சரிபார்க்க யாருக்கும் வழியில்லாததால் சண்டைக்குக் குறைவில்லை.

பத்தாம் எண்ணுக்கு எதிரே மட்டும் வெறும் கோடு. அங்கே ‘விழுப்புரம்’ என்று ஒருநாள் வேறு யாராவது எழுத வேண்டும். தாமே எழுதுவது முறையல்ல என்று காத்திருந்தார். சீமைக்குக் கிளம்பிய ஆங்கிலோ இந்திய என்ஜின் டிரைவர் ஒருவரிடம் வாங்கிய கித்தார் அவர் வீட்டில் இருந்தது. இரண்டு பாட்டு சுத்தமாக வரும். மூன்றாவது, சிக்னல் கிடைக்காத வண்டி மாதிரி பாதியில் நிற்கும். அதை அவர் தொடங்கினாலே மனைவி தைலம்மாள் கிணற்றடிக்குப் போய்விடுவார்.

தொல்லை திண்டிவனத்திலிருந்து வந்தது. அங்கே மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலைச் சாக்கு தைக்கும் சேட்டு என்ற இளைஞன், சாயங்காலத்தில் ஒரு மெல்லிசைக் குழுவில் கித்தார் வாசித்தான். அந்த ஊர்க்காரரான ரயில் கார்டு துரைக்கண்ணு பார்சல் ஆபீசுக்குள் நுழையும்போதெல்லாம் பலகையைப் பார்ப்பார்.

“பத்தாவதுல நம்ம சேட்ட போடுங்க சார். கோடு சும்மாதான கெடக்குது.”

“கோணி தைக்கிற கை அது. நாடுன்னா என்னா, திண்டிவனமா?”

சேட்டின் வாசிப்பை தெய்வசிகாமணி ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டுவிடாமலும் பார்த்துக்கொண்டார். விழுப்புரத்தில் அவன் கச்சேரி என்றால் கூடுதல் டியூட்டி வாங்கிக்கொள்வார். ஆனால் அவனைப் பற்றி விசாரிக்காத நாளில்லை. அவனுக்கு இசை நோட்டு பார்த்து வாசிக்கத் தெரியாது என்று அறிந்த அன்று நன்றாகச் சாப்பிட்டார். ஒருமுறை கேட்டால் எதையும் அப்படியே வாசிப்பான் என்று மறுநாள் சொன்னார்கள். சாப்பாடு பழைய அளவுக்கு இறங்கியது.

1963 ஆவணியில் திண்டிவனத்தில் துரைக்கண்ணு மகளுக்குக் கல்யாணம். பாட்டுக்கு என்ன ஏற்பாடு என்று தெய்வசிகாமணி முன்கூட்டியே கேட்டார். மைக் செட்டுக்குச் சொல்லியிருப்பதாக பதில் வந்ததும் நிம்மதியாகக் கிளம்பினார்.

விடிந்ததிலிருந்து ரிக்கார்டுதான் ஓடியது. பந்தலுக்குப் பின்புறம் பந்தி. தலைக்கு மேலே தென்னையில் கட்டிய ஒலிபெருக்கிக் குழாய். ரசத்துக்கு இலையில் சோற்றைக் குழி பண்ணிக்கொண்டிருந்தபோது குழாயில் குரல் நின்று, கித்தார் மட்டும் புறப்பட்டது. அவருடைய மூன்றாவது பாட்டு. அவர் எப்போதும் நிற்கும் இடத்தை அது திரும்பியும் பார்க்காமல் கடந்து போனது.

அவர் கை சோற்றிலேயே நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சக குமாஸ்தா நடராசனிடம் சொன்னார்.

“இது கல்கத்தா. ரெண்டாம் நம்பர். கம்பிய அழுத்தல பாரு, தடவிக்குடுக்குறான். நாட்டுலயே இத வாசிக்க ரெண்டு பேருதான் இருக்காங்க.” பந்தி முழுக்கக் கேட்கும்படி சொன்னார். கண்ணிலும் நீர்.

பாயச வாளியோடு வந்த துரைக்கண்ணுவின் தங்கை கோவிந்தம்மாள் நின்றார்.

“கல்கத்தாவா? நம்ம சேட்டு சார். மேடையில வாசிச்சிக்கினு இருக்கான். பாயசம் ஊத்தட்டுமா?”

“வேணாம்மா” என்று இலையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

திரும்பும் ரயில், விழுப்புரத்துக்கு முந்தைய முண்டியம்பாக்கம் தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தார்.

“நடுவுல ஒரு எடத்துல அபஸ்வரம் தட்டிச்சில்ல?”

“இல்ல சார்” என்றார் நடராசன்.

மறுவாரம் துரைக்கண்ணு டியூட்டிக்குத் திரும்பினார். பார்சல் ஆபீசில் வழக்கத்தைவிடக் கூட்டம். அவரே சாக்பீஸை எடுத்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார்.

“பத்து வேணாம் சார். ரெண்டுலயே எழுதுங்க. நீங்க சொன்னதுதான?”

தெய்வசிகாமணி சாக்பீஸை வாங்கிக்கொண்டார். ஈரத்துணி ஒன்று கேட்டார். பத்தாம் எண்ணையும் அதன் எதிரே இருந்த கோட்டையும் துடைத்தார். பிறகு தலைப்பில் ‘பத்து’ என்பதை அழித்து ‘ஒன்பது’ என்று எழுதினார்.