வேல்சாமி காரின் பின்விளக்குகள்

ராஜபாளையம் டாக்சி ஸ்டாண்டில் நின்ற கார்களில் வேல்சாமியின் அம்பாசடர்தான் பழையது. ஆனாலும் பிரசவத்துக்குப் போகிறவர்களும், வயசாளிகளைக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறவர்களும் அவரைத்தான் தேடி வருவார்கள். அவ்வளவு நிதானமாக ஓட்டுவார்.

1987 புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை சீனியம்மாள் அவரைத் தேடி வந்ததும் அதனால்தான். அவளுடைய அப்பா சமுத்திரம், நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம் இருக்கும் திருவண்ணாமலைப் பெருமாளை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று வெகு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தரிசனம் முடிந்து கிளம்பும்போது பொழுது மங்கிவிட்டது. வேல்சாமி விளக்குகளைப் போட்டு, இறங்கிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். இரண்டு சிவப்பு விளக்கும் எரிந்தன.

ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி வரும்போது ஒரு ஆட்டுமந்தை ரோட்டில் இறங்கியது. வேல்சாமி பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த லாரி காரின் வலது மூலையில் மோதியது. சீனியம்மாளுக்குக் கை முறிந்தது. வலது பக்கம் உட்கார்ந்திருந்த சமுத்திரத்தை வேல்சாமி வெளியே எடுத்துத் தன் மடியில் கிடத்திக்கொண்டார். ஆஸ்பத்திரிக்கு வண்டி கிடைப்பதற்குள் உயிர் போய்விட்டது.

லாரி டிரைவர் சங்கிலிப்பாண்டி அங்கேயே நின்று கத்தினான். "பின்னாடி லைட்டே எரியலய்யா! இருட்டுக்குள்ள கார் கெடந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

"நானே எறங்கிப் பாத்தேன்லே. ரெண்டும் எரிஞ்சுது," என்றார் வேல்சாமி.

வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனது. குற்றம் சாட்டப்பட்டவன் சங்கிலிப்பாண்டி, முக்கியமான சாட்சி வேல்சாமி. விளக்கு எரியவில்லை என்று அவன் சொன்னதை யாரும் நம்பவில்லை. தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்றார்கள். வாய்தாவுக்கு வந்த ஒரு நாள் சீனியம்மாள் கோர்ட்டு வாசலில் மண்ணை வாரி அவன் மேல் தூற்றினாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த கார் பல மாதம் வீட்டோரம் கிடந்தது. வேல்சாமி வேறொருவர் வேனை ஓட்டினார். பிறகு ஒருவழியாகத் தகர வேலை முடித்து, வயரிங் பார்க்கும் சங்கரலிங்கத்தின் பட்டறைக்குக் காரைக் கொண்டுபோனார். உடைந்த வலது விளக்குக்குப் பதில் புதுசு மாட்டினார்கள். சுவிட்சைப் போட்டதும் இரண்டும் கொஞ்சம் மங்கலாக எரிந்தன.

"அண்ணாச்சி, பிரேக்க மிதிங்க," என்றார் சங்கரலிங்கம், பின்னால் நின்றபடி.

மிதித்தார்.

"மிதிங்கண்ணாச்சி."

"மிதிச்சுக்கிட்டுதாம்ப்பா இருக்கேன்."

சங்கரலிங்கம் பின்விளக்கைத் திறந்தார். பல்பைக் கழற்றிப் பார்த்தார். நல்ல பல்பு. டெஸ்ட் லைட்டை வைத்துப் பார்த்தார். விளக்கு வரைக்கும் கரண்ட் வந்தது. பிறகு டிக்கிக்குள் தலையை விட்டு, விரிப்பைத் தூக்கினார். இரண்டு விளக்கிலிருந்தும் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் வயர்கள் இடது பக்கம் ஒரே போல்ட்டில் வந்து சேர்ந்திருந்தன. அந்தப் போல்ட்டைச் சுற்றித் துரு மண்டிக் கிடந்தது. வேறொரு வயரை நல்ல தகரத்தில் தொட்டுப் பிடித்தார். பிரேக் விளக்கு பளிச்சென்று எரிந்தது. எடுத்தார், இரண்டு பக்கமும் இருண்டது.

"எர்த் சரியில்லண்ணாச்சி. சும்மா நிக்கையில கொஞ்ச கரண்ட் போதும், எரியும். பிரேக்க மிதிச்சா கூட வேணும். இந்தத் துரு வழியா அம்புட்டும் போகாது. எரியுற லைட்டும் சேந்து அமந்துரும்."

வேல்சாமி காரை விட்டு இறங்கினார். "லாரி இடிச்சதுல ஆனதா இருக்குமோ?"

சங்கரலிங்கம் போல்ட்டைக் கழற்றி அவர் கையில் வைத்தார். வயர் முனை பச்சை பூத்து, தொட்டதும் உதிர்ந்தது. "இது வருஷக்கணக்கா அரிச்சது. இந்தப் பக்கம் அடியே படல, பாருங்க."

வேல்சாமி அந்தப் போல்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் பார்த்தபோது விளக்கு எரிந்தது நிஜம். சங்கிலிப்பாண்டி பார்த்தபோது எரியாததும் நிஜம். பிரேக்கை மிதித்துக்கொண்டே பின்னால் போய்ப் பார்க்க ஒருத்தரால் முடியாது.

மறுநாள் காலையில் அவர் சீனியம்மாள் வீட்டுக்குப் போனார். எல்லாவற்றையும் சொன்னார். 

"அப்ப அந்தாளு சொன்னது நெசந்தானா?" என்றாள் கடைசியில். "நான் மண்ண வாரித் தூத்துனேனே."

"தப்பு என் வண்டியிலதாம்மா."

அவள் முறிந்து கூடிய கையைத் தடவிக்கொண்டாள். "உங்க மேல கோவம் வரணும்ணே. வர மாட்டேங்குது. அப்பா தலைய மடியில வச்சிக்கிட்டு, ரத்தத்தத் தொடச்சது நீங்கதான்." பிறகு எழுந்து உள்ளே போனாள். கதவுக்கு அப்பாலிருந்து அவள் குரல் வந்தது. "கோர்ட்டுல சொல்லிருங்க."

சொன்னார். அரசு வக்கீலுக்குக் கோபம். தெரிந்தே பொய் சொன்னீரா என்று கேட்டார். "தெரியாமச் சொன்னேன்யா. இப்பத் தெரிஞ்சு சொல்றேன்," என்றார் வேல்சாமி. சங்கரலிங்கமும் வந்து சாட்சி சொன்னார். சங்கிலிப்பாண்டி விடுதலையானான்.

அவன் நன்றி சொல்வான் என்று வேல்சாமி எதிர்பார்க்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வாசலில் பக்கத்தில் வந்து நின்று, "எல்லாரும் சொல்லச் சொல்ல, என் கண்ணு மேலயே எனக்குச் சந்தேகம் வந்துட்டுண்ணாச்சி. தூங்கிட்டுதான் ஓட்டுனேனோன்னு நெனச்சேன்," என்றான். அப்படியே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தான். பிறகு அவன் லாரி ஓட்டவில்லை என்று கேள்வி.

வேல்சாமி இன்னும் சில வருஷம் டாக்சி ஓட்டினார். விளக்குப் போடும் நேரம் வந்தால், எங்கே இருந்தாலும், போகிற வருகிற யாரையாவது காருக்குப் பின்னால் நிறுத்தி, "செத்த நேரம் பாருங்க, எரியுதா?" என்று கேட்டுப் பிரேக்கை மிதிப்பார். ஸ்டாண்டில் சிலர் சிரித்தார்கள். அவர் அதைச் சட்டை செய்யவில்லை.

சீனியம்மாள் அந்தக் காரில் மறுபடி ஏறவில்லை. பக்கத்து ஊரான செட்டியார்பட்டியில் தன் மகள் கல்யாணம் வந்தபோது மட்டும் வீடு தேடி வந்து பத்திரிகை வைத்தாள். வேல்சாமி காரைப் பூட்டிவிட்டு, மனைவியோடு டவுன் பஸ்ஸில் போய் மணமக்களை வாழ்த்திவிட்டு வந்தார்.