ரெஃப்ரெஷ் இல்லாத கம்ப்யூட்டர்

நாலு பேருக்கு நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்திவிட்டு கம்ப்யூட்டர் ரிப்பேர் வேலைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பழுதான பெட்டி எதிர்க்கேள்வி கேட்காது. அதன் சொந்தக்காரர்கள் கேட்பார்கள் என்பது தொழிலுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

கீரனூர் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்கச்சி ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறது. உறவு இல்லை, அது என்னை அண்ணே என்று கூப்பிடும், அவ்வளவுதான். ஜாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, வளைகுடா போகிறவர்களின் டிக்கெட் பிரிண்ட் எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். அந்தப் பெட்டிக்குப் பத்து வயதுக்கு மேல் இருக்கும். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு, வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, கோலம் போட்டு, டீ வாங்கிவந்து குடித்து முடித்தாலும் அது விழித்திருக்காது. வந்தவர்கள் பொறுத்துப் பார்த்துவிட்டு எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்குப் போய்விடுவார்கள்.

"இந்த மாசத்தோட பூட்டிட்டு திருச்சில ஜவுளிக்கடை வேலைக்குப் போன்னு எங்க வீட்டுல சொல்லிட்டாகண்ணே. காலைல ஏழு மணி பஸ்ஸு. புடவையை மடிச்சு மடிச்சு வைக்கணும். நான் வீட்டுலயே மடிக்க மாட்டேன்" என்றது.

புது கம்ப்யூட்டர் வாங்க வழியில்லை. என்னிடம் ஒரு யோசனை இருந்தது. அதைச் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. மூன்றாம் நாள், பிரிண்டரைத் துடைத்துக்கொண்டே, அதைப் பார்த்தபடியே சொன்னேன். "லினக்ஸ்னு ஒண்ணு இருக்கும்மா, இப்ப இதை ஓட்டுற சாஃப்ட்வேருக்குப் பதிலாப் போடுறது. பழைய பெட்டியிலயும் நல்லா ஓடும். காசு கிடையாது."

"காசு கிடையாதா? அப்ப யாருண்ணே தர்றா?"

"யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம். உலகம் பூரா சேர்ந்து எழுதுறாங்க."

"உலகம் பூரா சேந்து எனக்கு எதுக்குண்ணே எழுதணும்?"

நியாயமான கேள்வி. "போட்டுப் பாப்பம்மா. பிடிக்கலன்னா பழசையே போட்டுத் தந்துர்றேன்" என்று மட்டும் சொன்னேன்.

வெள்ளிக்கிழமை ராகு காலம் முடியட்டும் என்றது தங்கச்சி. முடிந்ததும் மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்தது. பழைய கோப்புகளையெல்லாம் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பென் டிரைவைச் செருகி லினக்ஸை ஏற்றினேன். முடிந்ததும் அணைத்துவிட்டு மறுபடி போடச் சொன்னேன். வழக்கப்படி சுவிட்சைத் தட்டிவிட்டு அது விளக்குமாற்றை எடுத்தது.

"வந்துருச்சும்மா" என்றேன்.

"என்னது வந்துருச்சு?"

"கம்ப்யூட்டரு."

விளக்குமாற்றோடு வந்து எட்டிப் பார்த்தது. "சரியா ஆன் ஆகலையோ?" என்றது. இரண்டு முறை அணைத்துப் போட்டுக் காட்டினேன். மூன்றாம் முறை நாற்காலியில் உட்கார்ந்தது. மவுஸைப் பிடித்து, வலது பட்டனை அமுக்கியது. முகம் மாறிவிட்டது.

"அண்ணே, ரெஃப்ரெஷ் எங்க?"

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இணையப் பக்கத்தைப் புதுப்பிப்பது வேறு. அது எல்லாவற்றிலும் உண்டு. நான் சொல்வது, வெறும் திரையில் வலது பட்டனை அமுக்கி, ரெஃப்ரெஷ் என்பதைத் தொட்டு, குட்டிப் படங்கள் ஒரு தடவை கண்ணடிப்பதைப் பார்ப்பது. எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவர்கள் எல்லோரும் அதை முதல் நாளே கற்றுக்கொண்டு வந்துவிடுவார்கள். வேலை தொடங்குமுன் ஐந்து தடவை. சிக்கினால் பத்துத் தடவை. பிள்ளையார் சுழி மாதிரி. அதனால் வேகம் கூடாது, ஒன்றும் ஆகாது. நான் ஏற்றிய லினக்ஸில் அது இல்லை.

"அது தேவையில்லம்மா" என்றேன்.

"தேவையில்லையா? மூச்சு முட்டுனா என்னண்ணே செய்யும்? வேணாம்ணே. சாயந்தரமே பழசைப் போட்ருங்க. இல்லாட்டி விடுங்க, எப்படியும் ஜவுளிக்கடைதான்."

ஒரு நிமிடத்துக்குள் விழித்துக்கொள்ளும் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒருவர் புடவை மடிக்கப் போவதா? என் வாயில் வந்தது வேறு. "டீ குடிச்சிட்டு வாம்மா. ரெஃப்ரெஷ் போட்டுத் தர்றேன்."

வலது பட்டன் பட்டியலில் நாமே ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ள லினக்ஸில் வழி உண்டு. ரெஃப்ரெஷ் என்று பெயர் வைத்தேன். அமுக்கினால் என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று எழுதினேன். என் தொழில் வாழ்க்கையில் பிழையே வராமல் ஓடிய ஒரே வேலை அதுதான்.

தங்கச்சி வந்து ஐந்து தடவை அமுக்கியது. "இப்பப் பாருங்க, எப்படி ஓடுது!" என்றது.

மாதம் முடிந்தது. கடை பூட்டவில்லை. எதிர்ச்சாரிக்குப் போனவர்கள் இங்கிட்டுத் திரும்பினார்கள். எனக்குத்தான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு மாதிரி இருந்தது. ஒன்றுமில்லாததைக் கொடுத்து நல்ல பெயர் வாங்கியிருந்தேன்.

உதவித்தொகை விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று பிரிண்டரில் தாள் சிக்கிவிட்டது என்று கூப்பிட, போனேன். கடைக்குள் கால் வைக்க இடமில்லை. விண்ணப்பப் பக்கம் அரை மணியாக நகரவில்லை. ஆவூரிலிருந்து வந்த அம்மா ஒருவர், "சும்மா பாத்துக்கிட்டே இருக்கியே, எதையாவது அமுக்கும்மா. பஸ்ஸு போயிரும்" என்று சத்தம் போட்டார்.

தங்கச்சி பக்கத்தைச் சுருக்கியது. வெறும் திரையில் ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ், ரெஃப்ரெஷ். கூட்டம் அமைதியானது. "ஆங், அப்படி அமுக்கு" என்றார் ஆவூர் அம்மா. கொஞ்ச நேரத்தில் பக்கம் தானாகவே வந்தது. எல்லோரும் தங்கச்சியின் விரலைப் பார்த்தார்கள்.

கூட்டம் கலைந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. பிரிண்டருக்குள் தலையை விட்டுக்கொண்டு சொன்னேன். "அந்த ரெஃப்ரெஷ் ஒண்ணும் செய்யாதும்மா. நான் சும்மா எழுதி வச்சது."

"தெரியும்ணே."

தலையை வெளியே எடுத்தேன்.

"மூணாம் நாளே தெரியும். அவசரத்துல அமுக்க மறந்துட்டேன். அன்னைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

"அப்ப ஏம்மா அமுக்குற?"

"எனக்கா அமுக்குறேன்? எதுக்க நிக்கிறவுகளுக்குண்ணே. என் கை சும்மா இருந்தா எதிர்ச்சாரிக்குப் போயிர்றாக. அழிச்சுறாதீங்க." கொஞ்சம் யோசித்தது. "ஒண்ணு செய்ய முடியுமா? அமுக்குனா டிங்குன்னு ஒரு சத்தம் வரணும். பின்னாடி நிக்கிறவுகளுக்கும் கேக்கட்டும்."

அன்றைக்கே அந்தச் சத்தத்தையும் சேர்த்துக் கொடுத்தேன். போன வாரம் எதிர்ச்சாரிக் கடைக்காரர் என்னை நிறுத்தினார். அவருக்கும் லினக்ஸ் வேண்டுமாம். "அந்தக் கடையில போட்டதுதான் வேணும்ங்க. மணி அடிக்கிறது" என்றார்.