தடை இருந்த நாளும் இல்லாத நாளும்

கடைக்காரரிடமிருந்து பாக்கெட்டைப் பிடுங்குவது எங்கள் வேலையில் சுலபமான பாதி. பிடுங்கிய பிறகு அவர் முகத்தைப் பார்ப்பதுதான் மீதிப் பாதி. நான் உணவுப் பாதுகாப்பு அலுவலர். சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே பெட்டிக்கடை, மளிகைக்கடை என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கி, குட்கா, பான் மசாலா, மெல்லுகிற புகையிலை எல்லாவற்றையும் மூட்டை கட்டுவது என் பிழைப்பு. யாரோ மேலே போட்ட உத்தரவுக்காகக் கீழே நின்று திட்டு வாங்கிய அனுபவம் உங்களுக்கும் இருந்தால், நாம் ஒரே சாதி. கூடவே வந்தவர் ஜீப் டிரைவர் முருகேசண்ணன், பனமரத்துப்பட்டிக்காரர். இதில் பாதிக் கதை அவருடையது. யோசித்துப் பார்த்தால் மீதியும் அவருடையதுதான்.

தேதி

எங்கள் தடை உத்தரவுக்கு ஆயுசு ஒரு வருஷம். முடிந்ததும் இன்னொரு வருஷத்துக்குப் புதிதாகப் போடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் இது எனக்கு மண்டையில் ஏறவில்லை. ராசிபுரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்து, டப்பாவைக் கவிழ்த்து, சரம் சரமாக மேஜையில் எடுத்துப் போட்டு, உத்தரவு நகலை விறைப்பாக நீட்டினேன். கடைக்காரர் தறிக் குடும்பத்து மனுஷர். இழை பார்க்கிற கண்ணோடு வரி வரியாகப் படித்தார். முந்தின வாரமே காலம் முடிந்துபோன உத்தரவு அது. புதுசு போட்டிருந்தார்கள், எங்கள் ஆபீசுக்கு நகல் வந்து சேரவில்லை.

எடுத்ததையெல்லாம் நானே திரும்ப டப்பாவில் அடுக்கிக் கொடுத்தேன். மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வாசலில் ஜீப்பிலிருந்து இதைப் பார்த்துச் சிரித்த முருகேசண்ணனின் இடது கன்னம் உப்பியிருந்ததை அன்றைக்குத்தான் முதலில் கவனித்தேன். கடைக்காரர் எனக்கு ஒரு டம்ளர் மோரைக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "பாலுப் பாக்கெட்டுல தேதி பார்த்து வாங்கோணும்னு ஊருக்கே சொல்லிக் குடுக்கறது நீங்கதானுங்க மேடம், உங்க காயிதத்துலயும் ஒருக்காப் பார்த்துக்குங்க."

சாட்சி

பறிமுதல் செய்தால் என்னென்ன எடுத்தோம் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்க வேண்டும். பக்கத்துக் கடைக்காரர் போடுவாரா? நாளைக்கு அவர் கடைக்கும் நான் போவேனே! டீ குடித்துக்கொண்டிருப்பவர்கூட டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டு நழுவிவிடுவார். வேறு வழியில்லாமல், "முருகேசண்ணே, இறங்கி வாங்க" என்பேன். அவர் கன்னத்தில் அதக்கியிருக்கும் புகையிலையை வெளியே துப்பிவிட்டு வந்து கையெழுத்துப் போடுவார். சிரிக்காதீர்கள், இப்படித்தான் நடந்தது.

நாமக்கல் ரோட்டில் லாரிப் பட்டறைகளுக்கு எதிரே ஓர் அம்மா கடை வைத்திருந்தார். அவர் புருஷன் வாயில் புற்று வந்துதான் போனார். அது தெரிந்தும் பெரிய புத்திசாலி மாதிரி, "அவரைக் கொண்டுபோன சாமானையே விக்கலாமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். அந்தம்மா கோபப்படவில்லை. முருகேசண்ணன் குனிந்து கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தம்மா சொன்னதைக் கேட்டு எனக்குக் காதெல்லாம் சுட்டது. "சாட்சி போட்ட அண்ணன வாயத் தொறந்து காட்டச் சொல்லுங்க மேடம், நான் இப்பவே கடையச் சாத்திப்போடறேன்."

மாம்பழ வாசம்

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காலேஜ் விடுதியில் மாணவர்களிடம் பிடித்தது என்று வார்டன் ஒரு உறை நிறையச் சாமான்களைக் கொடுத்தார். எல்லாம் பேனா சைசில் பளபளவென்று இருந்தன. ஒன்றை பென்டிரைவ் என்று நினைத்து என் கம்ப்யூட்டரில் சொருகினேன். நீல விளக்கு எரிந்தது, ஃபைல் ஒன்றும் வரவில்லை. பத்து நிமிஷம் பொறுமையாகக் காத்திருந்தேன். அடக் கடவுளே, அது புகையிழுக்கிற மின்கருவி, இ-சிகரெட்! சர்க்கார் மின்சாரத்தில் நானே சார்ஜ் ஏற்றியிருக்கிறேன்.

முருகேசண்ணன் அதை மோந்து பார்த்து, மாம்பழம் மாதிரி மணக்கிறது என்றார். இதைச் செய்ய, விற்க, வைத்திருக்கக்கூட முடியாதபடி நாடு முழுக்க ஒரே சட்டமாகப் போட்டுவிட்டார்கள், நம்முடையது மாதிரி வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டியதில்லை என்று விளக்கினேன். அவர் கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உறைக்குள் போட்டார். "காசுக்காரப் பசங்க வாய்க்கு ஒரே அடியாச் சட்டம், எங்கள மாதிரி ஆளுங்க வாய்க்கு வருசாவருசம் யோசனைங்களா மேடம்?"

மூன்று விரல்

ஆபீஸ் ஊழியர்களுக்கு ஒருநாள் வாய்ப் பரிசோதனை நடந்தது. வாய் எவ்வளவு திறக்கிறது என்று பார்க்க, மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வாய்க்குள் விடச் சொன்னார் பல் டாக்டரம்மா. எனக்குப் போனது. முருகேசண்ணனுக்கு இரண்டு விரலுக்கே முட்டியது. கன்னத்தின் உள்ளே வெள்ளையாகத் தடித்திருந்தது. இன்றைக்கே நிறுத்தினால் தப்பித்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் தன்னால் ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார். அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. கல்யாண வயதில் மகள் இருக்கிறாள்.

நிறுத்தினார். சத்தியமாக நிறுத்தினார். சட்டைப் பையில் எந்நேரமும் வறுத்த சோம்பு. முதல் வாரம் கோழி குறுக்கே போனாலும் ஹாரனை அமுக்கித் தீர்த்தார். தடை செய்த சாமானைத் தின்னுகிறவன் சாட்சிக் கையெழுத்துப் போடுவது தனக்கே அசிங்கமாக இருந்தது என்று அப்போதுதான் வாய்விட்டுச் சொன்னார். இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் இட்லி தின்றுகொண்டிருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. "தேங்காச் சட்னிக்கு இத்தன ருசி உண்டுன்னே எனக்கு மறந்துபோச்சுங்க மேடம்."

தடை இல்லாத நாள்

அந்தச் சமயத்தில்தான் கோர்ட்டில் எங்கள் உத்தரவு அடிபட்டது. அவசரத்துக்கு ஒரு வருஷம் தடை போடலாம், அதையே வருஷா வருஷம் போட்டு நிரந்தரமாக்க அதிகாரம் இல்லை என்று ரத்து செய்துவிட்டார்கள். அப்பீல் போகிறோம், அதுவரை சும்மா இருங்கள் என்று எங்களுக்குச் செய்தி வந்தது. சீல் வைத்த மூட்டைகளோடு நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். மூட்டையை எப்போது வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர்கள் மரியாதையாகப் போன் செய்தார்கள்.

நாலைந்து நாள் கழித்து வேறு வேலையாக மேட்டூர் போகும்போது பக்கத்தில் வண்டி ஓட்டிய முருகேசண்ணனைப் பார்த்தேன். இடது கன்னம் உப்பியிருந்தது. அவர் மறைக்கவில்லை. நான் அப்போது கத்தியிருக்க வேண்டும். வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, துப்ப வைத்திருக்க வேண்டும். எனக்கோ கோர்ட்டு மேல் கோபம், ஆபீசு மேல் கோபம். உத்தரவே இல்லையாம், நான் யார் சொல்வதற்கு என்று ஒரு வீறாப்பு. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவராகத்தான் பேசினார். "தப்புன்னுதானேங்க மேடம் உட்டேன்? தப்பில்லேன்னு ஆயிப்போச்சுல்லீங்க, அதான் ஒண்ணே ஒண்ணு."

குழி

மேல் கோர்ட்டு அந்தத் தீர்ப்பை நிறுத்திவைக்க, எங்கள் தடை மறுபடி உயிரோடு வந்தது. தேங்கிக் கிடந்த மூட்டைகளை அழிக்க அனுமதியும் வந்தது. எரித்தால் ஊரே புகையும் என்பதால் குப்பைக் கிடங்கில் பொக்லைன் வைத்துக் குழி தோண்டிப் புதைப்போம். முருகேசண்ணன் துண்டால் வாயை மூடிக்கொண்டு ஓரமாக நின்றார். அந்த ஒண்ணே ஒண்ணோடு அது நிற்கவில்லை; நாக்கோரத்தில் வந்த புண் ஆறாமல், சதை எடுத்துப் பரிசோதித்து, புற்று என்று முந்தின நாள்தான் முடிவு வந்திருந்தது. வீட்டில் இருக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

மூட்டைகளைக் கொட்டும்போது பொக்லைன் ஓட்டுகிறவர் இறங்கி வந்து தலையைச் சொறிந்தார். ஒரே ஒரு சரம் எடுத்துக்கொள்ளட்டுமா, மண்ணுக்கு என்னத்துக்கு இது என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன்னால் அண்ணன் துண்டை எடுத்தார். பேசுவதற்கே அவருக்கு வலித்தது. "மண்ணுக்கு ஒண்ணும் ஆவாது சாமி, அதனாலதான் அதுக்குப் போடறோம்."

நோட்டு

ஆபரேஷனில் நாக்கோடு தாடையில் பாதியும் போயிற்று. பேச்சும் போயிற்று. நான் பார்க்கப் போகும்போதெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவார். புது டிரைவர் கிளட்ச்சை மிதித்துக் கெடுக்கிறானா என்று கேட்பார். மகள் கல்யாணத்தன்று கழுத்தைச் சுற்றித் துண்டோடு மணவறைக்குப் பக்கத்தில் நின்றார். அதற்குப் பிறகு மூன்று மாதம் இருந்தார்.

அவர் சம்சாரத்திடம் கையெழுத்து வாங்க வேண்டிய காகிதங்களோடு பனமரத்துப்பட்டிக்குப் போனேன். பெயர் சரஸ்வதி. அழுது ஓய்ந்துபோன முகம். காபி வேண்டாம் என்றாலும் கேட்காமல் போட்டுக் கொடுத்தார். என்னால் ஆனதை எல்லாம் செய்தேன் என்கிற தோரணையில் நான் ஏதோ ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் குற்றம் சொல்லுகிற குரலில் பேசவில்லை. எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார். "உங்களப் பத்தி ஒரு நாளும் கொறையா நெனச்சதில்லீங்க மேடம், 'அன்னிக்கு மேட்டூர் ரோட்டுல மேடம் ஒரு சத்தம் போட்டிருந்தாப் பயந்துக்கிட்டு உட்டிருப்பேன்'னு மட்டும் ஒருக்கா எழுதிக் காட்டுனாருங்க."

ஊரில் உள்ள கடைக்காரர்களை எல்லாம் அதட்ட எனக்கு அரசாங்க உத்தரவு வேண்டியிருந்தது, முருகேசண்ணனை அதட்ட ஒரு காகிதமும் வேண்டியிருக்கவில்லை என்பது மட்டும் எந்தச் சுற்றறிக்கையிலும் வந்து சேரவில்லை.