முதல் வண்டியில் ஏறிய வேட்பாளர்

திருப்பதியில் என் வீட்டுக்கு எதிரே ஒரு மருத்துவமனை. அதன் வாசலை ஒட்டி, தமிழும் தெலுங்கும் புழங்கும் ஆட்டோ ஸ்டாண்டு. பதினான்கு வண்டிகள், ஒரே சட்டம்: வரிசையில் முன்னால் நிற்கும் வண்டிக்குத்தான் சவாரி. சொந்த மாமனாரே வந்தாலும் இரண்டாவது வண்டியில் ஏற முடியாது.

போன தேர்தலின்போது அந்த ஸ்டாண்டுக்கு ஒரு கவலை இருந்தது. வாசலில் நெரிசல் என்று அதைப் பின்பக்கச் சந்துக்கு மாற்றப் போவதாகப் பேச்சு. நோயாளிகள் வெளியே வருவது முன்வாசலில். சந்துக்கு யார் போவார்கள்?

வாக்குப்பதிவுக்கு மூன்று வாரம் முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு ஒரு வேட்பாளர் வந்தார். புத்தம்புதிய காக்கிச் சட்டை. கட்சிக்காரர்கள் ஒன்பதாவதாக நின்ற புது வண்டிக்குப் பூச்சுற்றித் தயாராக வைத்திருந்தார்கள். அவர் ஏறி உட்கார்ந்தார், போட்டோக்காரர் குனிந்தார்.

முதல் வண்டிக்காரர், பக்கத்து ஊரான கார்வேட்டிநகரத்துக்காரர், இறங்கி வந்தார்.

"சார், எறங்குங்க. இப்ப என் நெம்பரு."

"ஏம்பா, தலைவரு ஓட்டு கேக்க வந்துருக்காரு. சவாரிக்கா வந்தாரு?" என்றார் ஒரு கட்சிக்காரர்.

"ஆட்டோல ஏறுனா சவாரிதான். ஏழு மணியிலேர்ந்து நின்னுக்கினு இருக்கேன்."

புது வண்டிக்காரர் நெளிந்தார். "நான் அப்பவே சொன்னேன்பா. கேக்காம பூவ சுத்திட்டாங்க."

"காக்கி போட்டா போதுமா நைனா, வரிசை தெரிய வேணாமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஸ்டாண்டே சிரித்தது.

வேட்பாளர் இறங்கி, சீட்டு கிழிந்த முதல் வண்டியில் போய் உட்கார்ந்தார்.

"எங்க போவணும் சார்?"

இதை யாருமே யோசித்திருக்கவில்லை. படம் எடுப்பதோடு முடியவேண்டிய வேலை.

"நீ இஷ்டமய்யா," என்று வேட்பாளர் தெலுங்கில் அவர் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்.

வண்டி பின்பக்கம் திரும்பியது. பதினைந்து நிமிடம் கழித்து வந்தது. நான் கடிகாரம் பார்த்தேன்.

"இன்னாபா பண்ணே?" என்று ஸ்டாண்டு கேட்டது.

"சந்துல நிறுத்தி இஞ்சின ஆஃப் பண்ட்டேன். 'யாராச்சும் சவாரிக்கு வராங்களா, நீங்களே பாருங்க சார்'னேன். ஒரு நாய் வந்துச்சு. அதுவும் ஏறல."

வேட்பாளர் வாக்குறுதி எதுவும் தரவில்லை. அவரும் சிரித்துக்கொண்டேதான் போனார்.

வியாழக்கிழமை எதிர்க்கட்சி வேட்பாளர் வந்தார். காரிலிருந்து இறங்கியதும் கேட்டது: "முதல் வண்டி எது?" எங்கே போகவேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தச் சந்துக்கேதான்.

இருவரில் ஒருவர் வென்றார். ஸ்டாண்டு இன்றுவரை வாசலிலேயே இருக்கிறது. தங்களால்தான் என்று இரண்டு கட்சியும் சொல்கின்றன. போன திங்கட்கிழமை, அன்று பூச்சுற்றிய கட்சிக்காரர்களில் ஒருவர் காலில் கட்டோடு மருத்துவமனையிலிருந்து வந்தார். நொண்டிக்கொண்டே பதின்மூன்று வண்டிகளைக் கடந்து முதல் வண்டிக்குப் போனார்.