மிஞ்சிய வாஷர்

புது வண்டிக்கு முதல் சர்வீஸை நானே செய்துவிடலாம் என்று முடிவெடுத்தது தைரியத்தால் இல்லை, பயத்தால்தான். சர்வீஸ் சென்டரில் காலையில் விட்டால் சாயங்காலம்தான் தருவார்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு. வீடு இருக்கும் மணவாள நகரிலிருந்து கம்பெனி இருக்கும் கும்மிடிப்பூண்டிக்கு ஒரே ரயிலில் போக முடியாது. சென்னைப் பக்கம் போய், வேறு பாதை பிடித்துத் திரும்பி வர வேண்டும். பஸ் என்றால் பெரியபாளையத்தில் மாற வேண்டும். வண்டி வாங்கியதே அதற்காகத்தான். தினமும் போய்வந்ததில், சர்வீஸ் செய்யச் சொல்லிப் புத்தகத்தில் போட்டிருந்த கிலோமீட்டர் கிட்டத்தில் வந்துவிட்டது. தாண்டினால் ஒன்றும் ஆகாது என்று சிலர் சொன்னார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நானே செய்தால் இலவச சர்வீஸ் போய்விடுமே என்பது வேறு உறுத்தியது. அதை ஓரமாக வைத்துக் கவலைப்பட்டுக்கொண்டேன்.

அந்தத் திங்கட்கிழமை என் மனைவிக்கு வேலையில் முதல் நாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் போகப்போகும் முதல் கம்பெனி வேலை. என் கம்பெனி இருக்கிற அதே எஸ்டேட்டில்தான், இரண்டு தெரு முன்னால். முதல் நாளே மணி அடித்த பிறகு வந்தால் பெயரை அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்கள். என் பின்னால் உட்கார்ந்து வண்டியில் வருவதாக ஏற்பாடு. ஆகவே வண்டி நன்றாக இருக்க வேண்டும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைக் கழற்றினேன். இந்த இரண்டாவது ‘ஆகவே’ எப்படி வந்து சேர்ந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

வண்டியோடு தந்த புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவனுக்கு அதில் படங்கள்தான் துணை. போனில் ஒரு தமிழ் வீடியோ பார்த்தேன். அதில் பேசியவர் கையே கேமராவை மறைத்தது. "இத கழட்டிட்டு அத மாட்டிடுங்க" என்றார். எதை, எதை என்று திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்.

சனிக்கிழமையே ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் ஒரு டப்பா ஆயில், ஒரு ஃபில்டர், ஒரு சின்ன வாஷர் கொடுத்திருந்தார். இன்ஜினுக்கு அடியில் பழைய பிளாஸ்டிக் பேசினை வைத்து, போல்ட்டைக் கழற்றிப் பேப்பரில் வைத்தேன். ஆயில் கறுப்பாக இறங்கியது. வெயில் பட்ட இடத்தில் வெள்ளித்தூள் மாதிரி ஏதோ மினுக்கியது. புது இன்ஜின் என்றால் இப்படித்தான் இருக்குமா, இல்லை உள்ளே எதையாவது அரைத்துத் தின்றுகொண்டிருக்கிறதா? யாரைக் கேட்பது?

"இன்னாய்யா, ஆயிலயே மொறச்சிகினுகீற?" என்றாள் அவள், வாசல் படியில் உட்கார்ந்து புதுச் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டே.

"மின்னுது பாருமே."

"புது வண்டி, மின்னாம இன்னா பண்ணும்."

ஃபில்டரை மாற்றி, புது வாஷரோடு போல்ட்டை முடுக்கி, புது ஆயிலை ஊற்றி மூடினேன். அளவு சரியாக இருந்தது. கை துடைக்கப் பேப்பரை எடுத்தபோது அதன் மடிப்பில் ஒரு வாஷர் கிடந்தது.

எங்கள் கம்பெனியில் தண்ணீர் மோட்டார் பூட்டுகிறோம். ஒரு மோட்டாருக்கு ஒரு தட்டு. அதற்கு வேண்டியதெல்லாம் அந்தத் தட்டில் வரும். பூட்டி முடிக்கும்போது தட்டு காலியாக இருக்க வேண்டும். ஒரு வாஷர் மிஞ்சினால்கூட கையைத் தூக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும், லைன் நிற்கும், எல்லோரும் நம்மையே பார்ப்பார்கள். மிஞ்சியது என்றால் எங்கோ விட்டுப்போனது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

லைனில் என் பக்கத்தில் நிற்கும் நண்பனுக்கு போன் போட்டேன். பழவேற்காட்டுப் பக்கத்துக்காரன். ஏரியில் நண்டு வலை போட்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்கு வந்திருந்தான்.

"வாஷர் மிஞ்சிச்சா? அப்ப எங்கியோ உட்டுட்ட மச்சான். தெறந்து பாரு."

"தெறக்கணுமா?"

"லைன்ல இன்னா பண்ணுவ? அதான். நாளைக்கி ரோட்ல ஆயில் ஊத்திகினே போனா இன்ஜினு புட்சிக்கும், அப்பறம் சுத்தவே சுத்தாது."

அந்த வார்த்தை போதும் எனக்கு. ஃபில்டர் மூடியைத் திறந்தேன். எல்லாம் இருந்தது. பிறகு அடியிலிருந்த போல்ட்டைக் கழற்றினேன். தேன் நிறத்தில் புது ஆயில் கொட்டியது. நேராகப் பேசினில், பழைய கறுப்பின் மேல். அது பாதி இறங்கும்வரை நான் பார்த்ததெல்லாம் கையிலிருந்த போல்ட்டைத்தான். அதில் வாஷர் இருந்தது. பளபளவென்று, இருக்க வேண்டிய இடத்தில்.

"இதுலயும் கீது," என்றேன். "அப்ப அது எங்கத்தியது?"

அவள் எழுந்து வந்து பேப்பரில் இருந்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "கடையில எத்தினி குடுத்தான்?"

"ஒன்னு."

"அத மாட்டிட்ட. முன்னாடியே வண்டில ஒன்னு இருந்திருக்கும்ல? அது எங்க?"

இத்தனை வருஷமாக நான் பூட்டியதெல்லாம் புதுசு. பழையதைக் கழற்றி அந்த இடத்தில் இன்னொன்றை வைத்த வேலை ஒரு நாளும் செய்ததில்லை. பழசு என்று ஒன்று வெளியே வரும், அது மிஞ்சத்தான் செய்யும் என்பது என் புத்தியில் ஏறவே இல்லை.

"சரி, அந்த ஆயில எடுத்து ஊத்து," என்றாள். பிறகு பேசினைப் பார்த்துவிட்டு, "ஐய," என்றாள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடை ஷட்டர் மத்தியானத்தோடு இறங்கியிருந்தது. பெட்ரோல் பங்கில் ஆயில் இருந்தது, ஆனால் டப்பாவில் வேறு நம்பர். "எல்லாம் ஒன்னுதாண்ணே" என்றார் பங்க் ஆள். ஒன்று என்றால் எதற்கு வேறு நம்பர் போடுகிறார்கள்? டப்பாவைக் கையில் எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

"வேற நம்பரு ஊத்தலாமா, கூடாதா?" என்றாள்.

"தெரிலமே."

"அப்ப உடு. பஸ்ல போலாம்."

மறுநாள் இருட்டு விலகுமுன் கிளம்பினோம். பெரியபாளையத்தில் அடுத்த பஸ் வர நேரமானது. வந்ததும் கூட்டம். அவள் முன்பக்கம் ஏறினாள், நான் பின்படியில் தொங்கினேன். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் டிரைவர் வேண்டுமென்றே நிற்பதாகத் தோன்றியது. முன்னால் அவள் யாரோ ஒரு அம்மாவிடம் பேசுவது கேட்டது.

"புது வண்டி வாங்கிகீறோம்கா. எங்க ஊட்டுக்காரரு அத கழட்டி வெச்சி பாத்துகினுகீறாரு."

"மெக்கானிக்கா?"

"இல்லக்கா. பயம்."

அந்த அம்மா சிரித்தது பின்படிவரை வந்தது.

இறங்கி ஓட்டமும் நடையுமாக அவள் கம்பெனி கேட்டுக்குப் போனோம். புதுச் செருப்பு கடித்து அவள் நொண்டினாள். பெயரைச் சொன்னாள். செக்யூரிட்டி பேப்பரில் விரலை ஓட்டினார். அந்த விரல் கீழே இறங்கிக்கொண்டே போனது. ஒரு இடத்தில் நின்றது. "போம்மா, உள்ள போ." அவள் உள்ளே நுழைந்து கொஞ்ச தூரம் போன பிறகுதான் மணி அடித்தது.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பயப்பட வேறு ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று தெரியவில்லை.

"நீ யாருப்பா? இங்க வேலையா?" என்றார் செக்யூரிட்டி.

"இல்ல சார். உட வந்தேன்."

"உட்டாச்சில்ல? கெளம்பு."